தாசில்தார் ஜீப்பை விட்டு இறங்கினாரா, இல்லையா?

கடைமடைக்காரன்:
இரண்டு நாளாக ஒரு வாட்ஸாப் பதிவு நம் பக்கத்துக் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்த கூட்டத்தின் நடுவே "ஜீப்பை விட்டுக் குதித்து, ஒற்றை ஆளாக நின்று, கூட்டத்தை அடக்கிய சிங்கம்" என்று எங்கள் தாசில்தாருக்குப் புகழ்மாலை. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தவன். ஜீப்பின் இடது முன்சக்கரத்துக்கு நேராக நின்றேன். மனிதர் இறங்கவே இல்லை. கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கினார், அவ்வளவுதான். போலீஸ் வேன் வந்து நின்ற பிறகுதான் கால் தரையில் பட்டது. குதித்தாராம்!

ஓய்வு ஆர்.ஐ.:
தம்பி, ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, வருவாய்த் துறையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன். தாசில்தார் நிர்வாக நடுவரும்கூட. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிய கூட்டத்தால் பொது அமைதி கெடும் என்று பட்டால் கலைந்து போகச் சொல்லி உத்தரவிடலாம், போகாவிட்டால் போலீஸை விட்டுக் கலைக்கச் சொல்லலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 129, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் பிரிவு 148. அந்த மனிதர் அந்த உத்தரவைப் போடவில்லை. தடியடி இல்லை, ஒருவர் மண்டையும் உடையவில்லை. அதைப் பாராட்ட மனசு வரவில்லையே உங்களுக்கு?

கடைமடைக்காரன்:
ஐயா, நான் கேட்டது சட்டப் பிரிவா? இறங்கினாரா, இறங்கவில்லையா?

ஓய்வு ஆர்.ஐ.:
இறங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடைமடைக்காரன்:
வேன் வந்த பிறகு. வேன். வந்த. பிறகு. முன்னால் இறங்கினால் வீரம், பின்னால் இறங்கினால் பாதுகாப்பு ஏற்பாடு. அதற்கு எதற்குச் சிங்கம், புலி?

சென்னிமலைக்காரி:
ஏனுங்கண்ணா, நீங்கள் இடது பக்கம் நின்றீர்கள். தாசில்தார் உட்கார்ந்திருந்த பக்கமும் அதுதான், சரி. ஆனால் காய்ந்த கடலைச் செடியைக் கத்தையாகப் பிடித்து பானெட்டில் அடித்தாரே ஒரு ஆத்தா, அவர் எங்கள் பெரியம்மா. நேற்று அவரிடமே கேட்டேன். வேன் வருவதற்கு முன்பே கதவு திறந்துவிட்டது என்கிறார். "அந்தப் பையன் செடியை வாங்கி வேரைப் பார்த்தானுங், காயே புடிக்கலையேன்னானுங்" என்றார். இவருக்குத் தாசில்தாரும் பையன்தான்.

கடைமடைக்காரன்:
கதவு திறப்பது வேறு, இறங்குவது வேறம்மா. உட்கார்ந்தபடியே கையை நீட்டிச் செடியை வாங்கினார். உங்கள் பெரியம்மாவை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பது ஊருக்கே தெரியும்.

சென்னிமலைக்காரி:
ஆபரேஷன் செய்ததால்தான் நன்றாகத் தெரிகிறது! எங்கள் பெரியம்மா கண்ணைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன வந்தது?

மாட்டுவண்டி72:
எல்லோரும் ஜீப்புக் கதவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். இது போராட்டத்துக்குப் பிறந்த மண். மின்கட்டணத்தில் ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லி 1970இல் எழுந்த மக்கள். ஜூன் 19, பெருமாநல்லூர், துப்பாக்கிச் சூட்டில் மூன்று உயிர். 1972இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினோம். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கை காட்டினால் போதும். அந்தக் காலத்து அதிகாரிகள் கூட்டத்தைப் பார்த்தால் வெலவெலத்துப் போவார்கள். இவர் எம்மாத்திரம்?

தலைமதகு:
"நிறுத்தினோம்"? அண்ணா, உங்களுக்கு அப்போது வயது என்ன? உங்கள் முகப்புப் படத்தைப் பார்த்தால் 72இல் நீங்கள் பிறந்திருந்தாலே பெரிய விஷயம்.

மாட்டுவண்டி72:
எங்கள் அப்பாவின் வண்டி போனது. வண்டி போனால் குடும்பமே போன மாதிரிதான். உங்கள் குடும்பத்திலிருந்து என்ன போனது?

தலைமதகு:
எங்கள் குடும்பத்தில் வண்டியும் போகவில்லை, வாய்ச்சவடாலும் போகவில்லை. அது கிடக்கட்டும். இந்த மறியலே தப்பு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தாசில்தார் என்ன குடத்திலா வைத்திருக்கிறார்? மதகைத் திறப்பதும் மூடுவதும் நீர்வளத் துறை. நடுரோட்டில் பால் வண்டியை மறித்து, வருவாய்த் துறை ஜீப்பைச் சூழ்ந்து கத்தினால் தண்ணீர் வந்துவிடுமா?

கடைமடைக்காரன்:
வாங்க, தலைமதகு. உங்களைத்தான் எதிர்பார்த்தேன். தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? இருநூறு கிலோமீட்டர் வாய்க்கால், இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர் பாசன ஆயக்கட்டு. ஒரு போகம் ஒரு பாதிக்கு நஞ்சை, அடுத்து மறுபாதிக்குப் புஞ்சை என்று கணக்குப் போட்டுத் திறக்கிறார்கள். கணக்கு பவானிசாகர் அணையிலிருந்து சரியாகத்தான் கிளம்புகிறது. வழியில் கரையோரக் கிணறுகளுக்குள் இறங்கி, அங்கிருந்து மோட்டார் வழியாக எங்கெங்கோ ஏறிப் போகிறது. ராத்திரி வாய்க்கால் கரையில் நடந்து பாருங்கள், தவளைச் சத்தத்தைவிட மோட்டார்ச் சத்தம்தான் அதிகம். தண்ணீர் கசியாமல் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாம் என்றால் உடனே பந்தலைப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

தலைமதகு:
கான்கிரீட் போட்டால் கசிவுநீர் நின்றுபோகும். கசிவை நம்பித்தான் கிணறும் குட்டையும் தென்னையும். குடிதண்ணீரும் அதுதான். நீங்கள் கடைசியில் இருப்பதால் நடுவில் இருக்கிறவன் சாக வேண்டுமா? அந்த 709 கோடி ரூபாய்க் கான்கிரீட் திட்டத்தை எதிர்த்தவர்கள் எல்லோரும் திருடர்களா?

கடைமடைக்காரன்:
திருடன் என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டால் நான் என்ன செய்ய?

ஓய்வு ஆர்.ஐ.:
வாய்க்கால் சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே தாசில்தாரைப் பற்றிப் பேசுவோம். கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்தால் உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நான்கு பக்கமும் கை, கண்ணாடியில் முகம் முகமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். டிரைவர் சாவியை உருவலாமா வேண்டாமா என்று நம் முகத்தையே பார்ப்பான். வண்டி நகர்ந்து ஒருவர் காலில் ஏறினால் கதை முடிந்தது. இவர் இன்ஜினை அணைக்கச் சொன்னார். எனக்கு அது போதும்.

கடைமடைக்காரன்:
இன்ஜினை அணைத்தது டிரைவர். நான் கண்ணால் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு அவராகத்தான் அணைத்தார். விருது கொடுப்பதென்றால் டிரைவருக்குக் கொடுங்கள்.

சென்னிமலைக்காரி:
2017இல் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராக உட்கார்ந்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை ஊர் உலகமே வீடியோவில் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் இவரை வைத்துப் பாருங்கள். செடியை வாங்கிப் பார்த்தார், பேசினார். பெண்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள், ஒருத்திமேலும் கை படவில்லை.

கடைமடைக்காரன்:
அடிக்காமல் இருந்தால் அதற்கும் மாலையா? நல்ல அளவுகோல்தான்.

கொடுமணல் பையன்:
அண்ணன்மார்களே, என்னிடம் வீடியோ இருக்கிறது. 40 நொடிதான். தாசில்தார் தரையில் நிற்கிறார், மார்பில் ஃபைலை அணைத்திருக்கிறார். ஒரு பெரியவர் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்துகிறார். தாசில்தார் பின்வாங்கவில்லை. வேன் எங்கேயும் தெரியவில்லை.

ஓய்வு ஆர்.ஐ.:
ஆச்சு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடைமடைக்காரன்:
பார்த்தேன். பன்னிரண்டாவது நொடியில் வலது ஓரத்தில் காக்கிச் சட்டைக் கை தெரிகிறது. போலீஸ் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. நான் சொன்னது அதேதான்.

கொடுமணல் பையன்:
அது டிரைவர் சட்டைங்கண்ணா. துண்டு நுனிகூடத் தெரிகிறது.

கடைமடைக்காரன்:
துண்டு இல்லை, அது போலீஸ்காரர் லத்தியில் கட்டியிருந்த கயிறு. பெரிதாக்கிப் பாருங்கள்.

மாட்டுவண்டி72:
பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குப் பால் வண்டிக்காரர் கை மாதிரி இருக்கிறது.

தலைமதகு:
40 நொடிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது? வெட்டி ஒட்டிய வீடியோ. கடைமடைக்காரர் விரல் நீட்டும் பெரியவருக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதும் தெரிகிறது. இடது முன்சக்கரத்துக்கு நேராக நின்றாராம்! அங்கே ஒரு குத்துக்கல்தான் இருக்கிறது.

கடைமடைக்காரன்:
ஒளிந்து நிற்கவில்லை. அவர் என் மாமனார், கை நடுங்குகிறது என்று பிடித்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் தண்ணீர் விடுவதாக அதே இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் உங்கள் சிங்கம். ஒன்றரை நாள்தான் வந்தது. அதைப் பற்றி அந்த வாட்ஸாப் பதிவில் ஒரு வரி உண்டா?

ஓய்வு ஆர்.ஐ.:
எழுதிக் கொடுத்தது நீர்வளத் துறைக்குப் பரிந்துரை. உத்தரவாதம் இல்லை. படிக்காமல் கைதட்டிக் கலைந்துபோனது யார் தப்பு?

கடைமடைக்காரன்:
பார்த்தீர்களா, இதுதான் உங்கள் துறை. அப்படியென்றால் கூட்டத்தைக் கலைத்தது வீரமா, அந்தக் காகிதமா? அதுவும் எங்கே வைத்து எழுதினார்? பானெட்டின் மேலா, சீட்டில் உட்கார்ந்தா?

சென்னிமலைக்காரி:
பானெட்டின் மேல். செடி மண் ஒட்டியிருந்ததைப் பெரியம்மாதான் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

கடைமடைக்காரன்:
சீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார். முழு வீடியோவைப் போடச் சொல்லுங்கள் அந்தப் பையனை.

கொடுமணல் பையன்:
அதற்குள் மொபைலில் சார்ஜ் தீர்ந்துவிட்டதுங்க.

தலைமதகு:
தீர்ந்ததா, தீர்க்கச் சொன்னார்களா? பையனின் அப்பாவும் கடைமடைக்காரரும் ஒட்டுக்காகப் போர்வெல் போட்டவர்கள் என்று கேள்வி.

கடைமடைக்காரன்:
போர்வெல்லை இங்கே இழுக்காதீங்க. இழுத்தால் உங்கள் தோட்டத்து இரண்டாவது கரண்ட் சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது என்று நானும் எழுத வேண்டிவரும்.

தலைமதகு:
எழுதுங்களேன் பார்க்கலாம்.