பெரிய டயர் போட்டபின் மலை வளைவில் உரசுகிறது: உடனே உதவி தேவை

மிளகுத்தோட்டம்:
வணக்கம். சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியைத் தூக்கிப் பெரிய டயர் போட்டாயிற்று. சமவெளியில் ஒரு சத்தமும் இல்லை. மலைப்பாதையில் வளைவு திரும்பினால் கரகரவென்று உரசுகிறது. டயர் போட்ட இடத்தில் கேட்டால், "ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும்" என்கிறார்கள். சனிக்கிழமை சரக்கு ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். இன்னும் ஓர் அங்குலம் தூக்கினால் போதுமா, இல்லை டயரையே மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டீசல்வாசம்:
எந்த வண்டி அண்ணா? டயர் அளவு என்ன? உரசுவது முன் சக்கரமா, பின் சக்கரமா?

காற்றழுத்தம்:
முதலில் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கம் பிதுங்கும், பிதுங்கினால் உரசும். என் பிக்கப்பில் 40 வைத்த பிறகு சத்தம் நின்றுவிட்டது. செலவில்லாத வைத்தியம்.

சேலத்துப் பட்டறை:
ரிம் பழையதா, புதியதா? புதியது என்றால் அதன் உட்புறத்தில் ஈடி என்று போட்டு ஓர் எண் இருக்கும்; ரிம் வண்டியில் பொருந்தும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது அது. அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. தூக்கிய பிறகு அலைன்மென்ட் பார்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

அளவுகோல்:
மாதம் ஒருவர் இப்படி வருகிறார். வண்டிப் பெயர் இல்லை, அளவு இல்லை, ஆனால் பதில் மட்டும் உடனே வேண்டும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் கணக்குப் போட்ட பிறகு டயர் வாங்க வேண்டும். இவர் வாங்கி மாட்டிய பிறகு கணக்குக் கேட்கிறார். விவரங்களைத் தாருங்கள், பார்ப்போம்.

மிளகுத்தோட்டம்:
டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 4x4. முதலில் இருந்தது 265/60 ஆர்18. இப்போது 285/70 ஆர்17. இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறது. ரிம் புதியது, ஈடி 0 என்று இருக்கிறது. முன் சக்கரம், வலது பக்கம், என் காலுக்கு அடியில்தான் சத்தம் வருகிறது. பாதை கொல்லிமலை, காரவள்ளி வழி. காற்று 36.

அளவுகோல்:
இப்போது பேசலாம். 285 என்பது டயரின் அகலம், மி.மீ.-இல். அதன் 70 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம், 199.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 399. பதினேழு அங்குல ரிம் 431.8. ஆக டயரின் உயரம் 830.8 மி.மீ., ஏறக்குறைய 33 அங்குலம். பழையது இதே கணக்கில் 775.2. உயரத்தில் 55.6 கூடியிருக்கிறது. அச்சுக்கு அடியில் தரைக்கும் வண்டிக்கும் கிடைத்த கூடுதல் இடைவெளி அதில் பாதி, 28 மி.மீ.கூட இல்லை. அந்த 28-க்காக டயர் முன்னால் 28, பின்னால் 28 நீண்டு, சக்கரக் குழியில் இருந்த இடத்தைத் தின்றுவிட்டது. வேகமானியும் இனிப் பொய் சொல்லும்: அது 80 காட்டினால் உண்மையில் 86-ஐ ஒட்டிப் போகிறீர்கள். சதவீதக் கணக்கு எட்டாம் வகுப்புப் பாடம்.

டீசல்வாசம்:
அளவுகோல் சார், கணக்கு சரி. பாடம் நடத்தாமலும் அதைச் சொல்லலாம். அண்ணன் சரக்கோடு இறங்க வேண்டியவர்.

உயரவிரும்பி:
இரண்டு அங்குலம் 33 அங்குல டயருக்குப் போதாது என்பது ஊரறிந்தது. முன்னால் ஷாக்குக்கு மேல் உயரம் கூட்டும் ஸ்பேசர் இன்னொன்று வையுங்கள். மூன்று, மூன்றரை வந்துவிட்டால் உரசவே உரசாது.

சேலத்துப் பட்டறை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த ஓர் ஆலோசனையால் எத்தனையோ வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து பட்டறைக்கு வருகிறது. ஹைலக்ஸின் முன் பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கத் தனித்தனி ஆர்ம்கள் கொண்டது. ஷாக்குக்கு மேல் ஓர் அங்குலம் வைத்தாலே சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும். அதற்கு மேல் போனால் ஷாஃப்ட் அளவுக்கு மீறிய சாய்வில் நிற்கும், சக்கரம் கீழே தொங்குவதற்கு இடமே இருக்காது.

இன்னொன்று. தூக்குவதால் வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால், சக்கரம் மேலே அதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை வந்து, தூக்காத வண்டியில் எங்கே நிற்குமோ அங்கேயேதான் நிற்கும். வாசலில் நிற்கும்போது இடைவெளி பார்த்து வாங்குகிறவர்கள் மலையில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

மிளகுத்தோட்டம் ஐயா, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வலது வளைவில் சத்தமா, இடது வளைவிலா? ஏறும்போதா, இறங்கும்போதா?

காற்றழுத்தம்:
36 என்கிறார். 42 வைத்துப் பார்க்கட்டும். பிறகு ஷாஃப்ட், ஆர்ம் எல்லாம் பேசலாம்.

சேலத்துப் பட்டறை:
காற்றை ஏற்றினால் தரையைத் தொடும் இடத்தில் பிதுங்குவது கொஞ்சம் குறையும். இங்கே உரசுவது பெரும்பாலும் அச்சின் உயரத்தில், டயரின் பின் விளிம்பு. அங்கே காற்றால் ஒரு மாற்றமும் வராது. ஈர மலைப்பாதையில் 42 வைத்தால் பிடிமானம்தான் போகும்.

பழையஜீப்:
ஒரு நிமிடம். கொல்லிமலைக்கு 33 அங்குல டயர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே? எழுபது கொண்டை ஊசி வளைவும் தார்ச்சாலை. வில்லிஸ் ஜீப் 6.00-16 என்ற ஒல்லி டயரோடுதான் உலகப் போருக்கே போனது. எங்கள் தோட்டத்தில் அதே அளவு டயரோடு ஜீப் சேற்றில் ஏறியிருக்கிறது. ஒல்லியான டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும்.

உயரவிரும்பி:
அடியில் கெட்டி மண் இருந்தால்தானே? வயல் சேற்றில் ஒல்லி டயர் அச்சு வரை புதையும். மணலிலும் அப்படியே. வில்லிஸின் எடை என்ன, ஹைலக்ஸின் எடை என்ன? அது ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும். இது வெறும் வண்டியே இரண்டு டன்னைத் தொடும், அதன்மேல் சரக்கு வேறு.

பழையஜீப்:
எடை கூடக்கூட ஒல்லி டயர் இன்னும் நன்றாக அறுக்கும். செம்மண் மலையில் மழைக்காலத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சட்டம்தெரிந்தவர்:
டயர் அகலத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

உயரவிரும்பி:
பதிவுச் சான்றிதழில் டயர் அளவு எங்கே எழுதியிருக்கிறது? டயர் தேய்கிற பொருள். தேய்ந்தால் மாற்றத்தானே வேண்டும்?

சட்டம்தெரிந்தவர்:
தேய்ந்ததை அதே அளவில் மாற்றுவது வேறு. இரண்டு அங்குலம் தூக்கி, அளவையும் கூட்டி, ரிம்மையும் வெளியே தள்ளுவது வேறு. மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் சோதனைச் சாவடியில் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நான் பயமுறுத்தவில்லை. சரக்கோடு மலை இறங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்கிறேன்.

பழையஜீப்:
சட்டமும் என் பக்கம்தான் நிற்கிறது.

நாமக்கல் லேத்:
கேட்டவரை விட்டுவிட்டீர்களே. மிளகுத்தோட்டம் சார், நான் லாரி வேலை செய்கிறவன். எங்கே உரசுகிறது என்று ஊகிக்கவே தேவையில்லை. கொஞ்சம் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். வலது முன் சக்கரக் குழியில் முன் மூலை, பின் மூலை, உள்ளே தெரியும் சேசிஸ், பின்னால் கேபினைத் தாங்கும் மவுண்ட், பம்பரின் அடி விளிம்பு எல்லாவற்றிலும் தடவிக் காயவிடுங்கள். பிறகு சத்தம் வரும் அதே வளைவில் ஒருமுறை மெதுவாகப் போய் வாருங்கள். எங்கே சுண்ணாம்பு வழித்துப் போயிருக்கிறதோ அதுதான் இடம். டயரின் ரப்பர்க் கட்டைகளில் எதில் வெள்ளை ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். உள் விளிம்பா, வெளி விளிம்பா என்பது அதில் தெரிந்துவிடும்.

மிளகுத்தோட்டம்:
வலது வளைவில் மட்டும். இறங்கும்போது அதிகம், பிரேக்கில் கால் இருக்கும்போது. ஏறும்போது அபூர்வம். முழு அலைன்மென்ட் பார்க்கவில்லை, டோ மட்டும் (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) சரிசெய்தார்கள். சுண்ணாம்பு வைத்துப் பார்க்கிறேன்.

சேலத்துப் பட்டறை:
எனக்கு இது போதும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கேபின் மவுண்டில்தான் வழித்திருக்கும், டயரின் உள் விளிம்பில் ஒட்டியிருக்கும்.

காரணம் இது. ஹைலக்ஸின் சொந்த ரிம் ஈடி 30. உங்களுடையது 0. அதாவது சக்கரத்தின் நடுக்கோடு 30 மி.மீ. வெளியே போய்விட்டது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் நின்ற இடத்தில் திரும்புவதில்லை. ஆர்ம்களோடு அதை இணைக்கும் பால் ஜாயிண்ட்டுகளை மையமாக வைத்து ஒரு வட்டத்தில் நகர்கிறது. வெளியே தள்ளத் தள்ள அந்த வட்டம் பெரிதாகும். வலப்பக்கம் ஒடித்தால் வலது சக்கரம் பின்னால் போகும், அதன் பின் விளிம்பு உள்ளே திரும்பும். நேராக அங்கே காத்திருப்பது மவுண்ட்.

அடுத்து, தூக்கினால் கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். தூக்கியபின் அதைச் சரிசெய்தால் சக்கரம் கொஞ்சம் முன்னே வந்து நிற்கும். உங்களுக்கு அதைச் செய்யவே இல்லை. மூன்றாவது, இறங்கும்போது பிரேக் பிடித்தால் சாலை சக்கரத்தைப் பின்னால் இழுக்கும், ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் அமுங்கும், சில மில்லிமீட்டர் போகும். ஏறும்போது அந்த இழுப்பு இல்லை, அதனால்தான் சத்தம் அபூர்வம்.

செய்ய வேண்டியது: கேஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) இரண்டையும் சரிசெய்யத் தெரிந்த இடத்துக்குப் போங்கள். கீழ் ஆர்மில் கோணத்தை மாற்ற உதவும் கேம் போல்ட்டுகளைத் திருப்பிச் சக்கரத்தை எவ்வளவு முன்னே கொண்டுவர முடியுமோ கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. முன்னே வந்தபின் இடப்பக்கம் முழுக்க ஒடித்து, பம்பர் மூலையில் தொடுகிறதா என்று பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கி அழுத்தினால் இடம் கிடைக்கும். அதற்கும் போதாவிட்டால், இதே டயரை ஈடி 25, 30 ரிம்மில் போடுங்கள். ஆனால் உள்ளே மேல் ஆர்மில் உரசாமல் இருக்கிறதா என்று மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அளவுகோல்:
மவுண்டை வெட்டி விடுவதுதான் நிரந்தர வழி. ஆஸ்திரேலியாவில் இந்த அளவு டயருக்குப் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

நாமக்கல் லேத்:
வெட்டலாம், நானே வெட்டியிருக்கிறேன். ஆனால் வெட்டிய இடத்தைத் தடித்த தகட்டால் மூடிச் சுற்றிலும் வெல்டிங் வைக்க வேண்டும், பிறகு துரு பிடிக்காமல் பிரைமர். கேபின் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தை வெட்டிவிட்டு அப்படியே அனுப்பிய வண்டிகளில் மவுண்ட் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் அவசரமாகச் செய்கிற வேலை இல்லை இது.

டீசல்வாசம்:
அண்ணா, ஸ்டெப்னி எந்த அளவில் இருக்கிறது? பழைய 265/60 ஆர்18 அப்படியே தொங்கினால், பஞ்சரானதும் அதை மாட்டிக்கொண்டு 4x4 போடாதீர்கள். இந்த வண்டியில் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது. ஒரு சக்கரம் சிறியதாக இருந்தால் தார்ச்சாலையில் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

மிளகுத்தோட்டம்:
மவுண்டில்தான். முன் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு இல்லை, டயரின் உள் விளிம்புக் கட்டை மூன்றில் வெள்ளை. மவுண்டின் கறுப்பு பெயிண்ட்டும் போய் இரும்பு பளபளக்கிறது. நாமக்கல்லில் கேஸ்டர் சரிசெய்தார்கள், சக்கரம் முன்னே வந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. இறங்கும்போது சத்தம் இல்லை. முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தால் மட்டும் லேசாகத் தொடுகிறது. சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், போய் வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

காற்றழுத்தம்:
இப்போது காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

சேலத்துப் பட்டறை:
நல்லது ஐயா. கிளம்பும் முன் இரண்டு வேலை. தேய்ந்த இரும்பில் ஒரு பூச்சுப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். புது ரிம்மின் நட்டுகளை இன்னொருமுறை முறுக்கச் சொல்லுங்கள், முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவை தளரலாம். சரக்கு பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் கொஞ்சம் எழும், அதில் கேஸ்டரும் கொஞ்சம் மாறும். இறங்கி வந்ததும் இன்னொரு முறை சுண்ணாம்பு தடவிப் பாருங்கள்.

டீசல்வாசம்:
ஸ்டெப்னி பற்றிச் சொல்லவில்லையே அண்ணா?