வார்கேம், ரீஃபைட்: இரண்டு சொற்களுக்கும் என் முன்மொழிவு

அன்பு நண்பர்களே, வணக்கம்.

விதிகள் வைத்துப் போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் வார்கேம் (wargame), நடந்த போர் ஒன்றை அப்படி மறுபடி ஆடும் ரீஃபைட் (refight) ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நாம் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? வார்கேமுக்கு இதுவரை வந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பலருக்கும் முதலில் தோன்றியது ‘போர் விளையாட்டு’. புரியும் சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் எல்லாருக்கும் கைப்பேசியில் சுடுகிற விளையாட்டுதான் நினைவுக்கு வருகிறது. விளையாட்டை ‘ஆட்டம்’ என்று சுருக்கிப் போரோடு சேர்த்தால் என்ன ஆகிறது? போர், ஆட்டம், போராட்டம். அந்த இடத்தில் எப்போதோ வேறொரு பொருள் குடியேறிவிட்டது. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூப் போரை ஆடிவிட்டு ‘வாட்டர்லூ போராட்டம்’ என்று எழுதினால் யாரோ உண்ணாவிரதம் இருந்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அது சுட்ட வேண்டிய காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பலர் இதை விளையாடியிருக்க மாட்டீர்கள். பொருள் தெளிவானால் பாதிச் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

போன ஞாயிறு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாட்டர்லூ நடந்தது. மேசை ஆறடிக்கு நாலடி. 1815 ஜூன் 18-ஆம் தேதி நண்பகலை ஒட்டிய நிலைமையை அதில் பரப்பினோம். வடக்கே மோன் சான் ஜான் மேட்டில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் 68,000 பேர். எதிரே நெப்போலியனின் 73,000 பேர். நடுவில் ஊகூமோன், லா ஹே சாந்த் என்ற இரண்டு பண்ணை வீடுகள். 6 மில்லிமீட்டர் உயரமுள்ள வீரர்களை இருபது இருபதாக ஒரு சிறு தட்டில் ஒட்டியிருந்தோம். ஒரு தட்டு என்றால் ஒரு பிரிகேடு, அதாவது சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு. என் மகள் நெப்போலியன், நான் வெலிங்டன். மைத்துனர் நடுவர். வெலிங்டனுக்கு உதவ வந்த, ஜெர்மானிய நாடான புருசியாவின் தளபதி புளூஷரின் படையும் அவர் கையில்தான். அது எப்போது வரும் என்று எங்கள் இருவருக்கும் சொல்ல மாட்டார்.

முந்தைய இரவு கொட்டிய மழையால் நிலம் சேறாகி, நெப்போலியன் காலை பதினொன்றரை வரை காத்திருந்தார் அல்லவா? அதற்காக முதல் இரண்டு சுற்றுக்கு பீரங்கிகள் பாதித் தூரம்தான் நகரலாம் என்று விதி வைத்தோம். இஞ்சு டேப்பால் அளந்து படையை நகர்த்த வேண்டும். சுட்டால் பகடை உருட்ட வேண்டும். பக்கத்துத் தட்டு ஓடிவிட்டால் இந்தத் தட்டு நிற்குமா என்பதற்கும் ஒரு பகடை.

வரலாற்றில், மாலை நாலு மணியளவில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே காலாட்படைத் துணையில்லாமல் குதிரைப்படையை மட்டும் மேட்டின்மேல் ஏவினார். வெலிங்டனின் வீரர்கள் நாற்புறமும் துப்பாக்கி ஈட்டிகளை நீட்டியபடி சதுரம் சதுரமாக நின்றுகொண்டார்கள். மறுபடி மறுபடி மோதியும் குதிரைகளால் அந்தச் சதுரங்களை உடைக்க முடியவில்லை. என் மகள் அந்தத் தாக்குதலை நடத்தவே இல்லை. பீரங்கி, காலாள், குதிரை மூன்றையும் சேர்த்து லா ஹே சாந்த் மேல் குவித்தாள். மெய்யான போரில் மாலை ஆறு மணிக்கு மேல் விழுந்த அந்தப் பண்ணை, எங்கள் மேசையில் மூன்று மணிக்கே விழுந்துவிட்டது. ஐந்து மணிக்கு என் நடுப்படை உடைகிற நிலை. அப்போதுதான் மைத்துனர் கிழக்கு ஓரத்தில் புருசியர்களை வைத்தார். பிளான்சனுவா கிராமத்தைக் காக்க அவள் காவல்படையைத் திருப்பினாள். பொழுது சாயும்போது இருவரிடமும் தாக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. முடிவு சமம். மெய்யான வாட்டர்லூவில் யாருக்கும் கிடைக்காத முடிவு அது.

நாம் சொல் தேட வேண்டியது இதற்குத்தான்: அதே நிலம், அதே படைகள், அதே வானிலை, ஆனால் முடிவு மட்டும் திறந்து கிடக்கிறது.

இதை ஒட்டி வேறு இரண்டு காரியங்கள் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டதால்தான் சில முன்மொழிவுகள் வழி தவறின என்று நினைக்கிறேன். வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830-களில் வாட்டர்லூ களத்தை மாதிரியாகச் செய்தார். லா ஹே சாந்த் பண்ணையில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணிக்கு எங்கே நின்றீர்கள், அங்கே வயலில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் கேட்டார். 70,000-க்கும் மேற்பட்ட உலோக வீரர்கள் நிற்கும் அந்த மாதிரி 1838-ல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்று அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும். ஆனாலும் அது அந்த ஏழு மணிக் கணத்திலேயே உறைந்து நிற்கிறது. அதை ‘உறைகாட்சி’ என்று சொல்லலாம். இன்னொன்று, மனிதர்களே சீருடை போட்டுக்கொண்டு அதே களத்தில் நடித்துக் காட்டுவது. 200-ஆம் ஆண்டான 2015-ல் ஆயிரக்கணக்கானோர் அப்படிச் செய்தார்கள். அதற்கு ‘மீள்நடிப்பு’ சரியான சொல். அங்கே நெப்போலியன் தோற்றே ஆக வேண்டும்.

சரி, ரீஃபைட்டுக்கு வந்த சொற்களைப் பார்ப்போம். ‘மறுபோர்’ சுருக்கமாக இருக்கிறது. ஆனால் அதே இரு நாடுகளும் பிறகு இன்னொரு முறை மோதினாலும் அது மறுபோர்தான். ‘மீளாடல்’ எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. மீள் + ஆடல், இலக்கணமும் சரி. ஆனால் எழுதி வைத்துப் பார்த்தால் கண் ‘மீளா’ என்று பிரித்துப் படிக்கிறது. சுவரொட்டிகளில் ‘மீளாத் துயில்’, ‘மீளாத் துயரம்’ என்று பார்த்துப் பழகிய கண். சாவுச் செய்தியின் சாயல் அந்தச் சொல்லோடு வந்துவிடுகிறது. அதைப் பிறகு எத்தனை விளக்கம் எழுதினாலும் அகற்ற முடியாது.

‘களமாடல்’ என்று சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. ஓசையில் இதற்கு இணையான சொல் வேறு வரவில்லை. களமும் இருக்கிறது, ஆடலும் இருக்கிறது. ஆனால் ஈழத்தமிழில் களமாடுதல் என்பது போர்முனையில் உண்மையாகவே நின்று சண்டையிடுவது. ‘களமாடி வீழ்ந்தார்’ என்று எழுதப்பட்ட படத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சொல்லை எடுத்துப் பகடை உருட்டும் மேசைமேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது என்று நம்புகிறேன்.

ஆகவே ரீஃபைட்டுக்கு என் முன்மொழிவு ‘மீள்களம்’. மீள்பார்வை, மீள்குடியேற்றம் போல இதுவும் வினைத்தொகை. அதனால் மீட்களம் என்று திரியாது. ‘வாட்டர்லூ மீள்களம்’ என்று தலைப்பிடலாம். ‘போன வாரம் வாட்டர்லூவை மீள்களமாக ஆடினோம்’ என்று பேசலாம். களம் மட்டும்தான் மீள்கிறது, முடிவு மீள்வதில்லை என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது.

வார்கேம் என்ற பொதுச்சொல்லுக்கு ‘படையாட்டம்’. இதற்கு வலுவான முன்மாதிரி நம்மிடமே உண்டு. சதுரங்கம் என்றால் என்ன? யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படை. படையின் பெயரையே ஆட்டத்துக்கு வைத்த மரபு அது. அதில் போர் என்ற சொல்லே கிடையாது. நாமும் போரை விட்டுவிட்டுப் படையைப் பிடித்துக்கொண்டால் போராட்டச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது, கைப்பேசி விளையாட்டின் நெருக்கமும் குறைகிறது. ஆடுபவர் படையாட்டக்காரர். சிற்றுருக்களை வைத்து ஆடினால் மேசைப் படையாட்டம்.

வரைபடத்தின் மேல் ஆடுவதற்கு ‘வரைபடப் படையாட்டம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. புருசியாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் இதற்கு முன்னோடியான மேசை ஆட்டத்தை அரசருக்குக் காட்டினார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் அதைத் திருத்தி 1824-ல் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 வரைபடம், சிவப்பும் நீலமுமாகக் கட்டைகள், இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று, நடுவர், பகடை எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. புருசியப் படையின் தலைமைப் பணியகத்துக்குத் தலைவராக (Chief of the General Staff) இருந்த மியூஃப்லிங் முதலில் ஆர்வமில்லாமல்தான் பார்க்க உட்கார்ந்தார். ஆட்டம் போகப் போக மனம் மாறி, படை முழுவதற்கும் அதைப் பரிந்துரைத்தார். இதே மியூஃப்லிங்தான் வாட்டர்லூவில் வெலிங்டன் பக்கத்தில் புருசியத் தொடர்பு அதிகாரியாக நின்றவர். மெய்யான களத்தைப் பார்த்தவர் ஒருவர் இதை வேடிக்கையாக எண்ணாமல் பயிற்சியாகக் கண்டார் என்பதால்தான், ‘விளையாட்டு’ வேண்டாம், ‘ஆட்டம்’ போதும் என்கிறேன்.

துணைச்சொற்களையும் கொஞ்சம் பேசிவிடலாம். மினியேச்சருக்குப் பொம்மை என்றால் கொலுப்படிதான் நினைவுக்கு வருகிறது. ‘சிற்றுரு’ நன்றாக இருக்கிறது. படை நிற்குமா ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் மொரால் டெஸ்டுக்கு யாரோ ‘ஊக்கச் சோதனை’ என்றீர்கள். செய்தித்தாள் படிப்பவர் அதை ஊக்கமருந்துச் சோதனை என்றுதான் எடுத்துக்கொள்வார். எங்கள் மேசையில் ‘நெஞ்சுரம் பார்’ என்கிறோம், அது பழகிவிட்டது.

அளவுகோலில்தான் கவனம் வேண்டும். அகராதியில் ஒரே சொல்லாகப் போட்டால் புதிதாக வருபவர்கள் குழம்பிப் போவார்கள். எங்கள் சிற்றுரு ஏறத்தாழ 1:300. மேசையின் ஆறடியில் ஐந்தரைக் கிலோமீட்டர் நிலம் அடங்குவதால் நிலம் 1:3000. அதாவது வீரன் தான் நிற்கும் நிலத்தைவிடப் பத்து மடங்கு பெரியவன். பண்ணை வீடும் அவனுக்கு ஏற்பப் பெருத்து, வரைபடத்தில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே ‘உரு அளவு’, ‘நில அளவு’ என்று இரண்டு சொற்கள் தேவை. ஒரு சிற்றுரு எத்தனை வீரர்களுக்குச் சமம் என்பது மூன்றாவது; அதைத் ‘தலைவிகிதம்’ எனலாம். 2019-ல் கிளாஸ்கோவில் 22,000-க்கும் மேற்பட்ட சிற்றுருக்களை வைத்து வாட்டர்லூவை ஆடினார்கள். புருசியர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,90,000 பேர் மோதிய களம் அது. அவ்வளவு பெரிய ஆட்டத்திலும் ஒரு சிற்றுரு எட்டு ஒன்பது பேருக்குச் சமமாகத்தான் நின்றிருக்கும்.

எதிரி எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று தெரியாத நிலையான ஃபாக் ஆஃப் வாருக்கு (fog of war) இன்னும் எனக்கு மனநிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘போர்மூட்டம்’ என்று ஒருவர் தந்தது நெருங்கி வருகிறது, அதை விடாதீர்கள்.

கடைசியாக, ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. களமாடலை நான் விலக்கிய காரணம் ‘மீள்களம்’ என்பதில் இருக்கும் களத்துக்கும் பொருந்துமா? எனக்குப் பொருந்தாது என்று படுகிறது. ஆனால் அந்தச் சொல்லை உங்கள் காதால் என்னால் கேட்க முடியாது. உறுத்துகிறது என்றால் சொல்லுங்கள், வேறு தேடுவோம்.