பொருள்: பிஞ்ச் டிரிங்கிங் – தமிழில் என்ன எழுதலாம்?

மலர்விழி: வணக்கம். பிளஸ் டூ மாணவர்களுக்கான நலக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பிஞ்ச் டிரிங்கிங்' என்பதற்குச் சொல் வேண்டும். சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொடும் அளவு குடிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வளர்ந்த ஆணுக்கு 5 கோப்பை, பெண்ணுக்கு 4. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவே போதும். 'மொடாக்குடி' சரிவருமா?

இளங்குமரன்: மொடா, மிடாவின் மரூஉ. மிடா என்றால் பெரிய பானை. திருத்தமாக 'மிடாக்குடி' என்றே எழுதுங்கள் அம்மா. சங்கப் பாடல்களில் நறவு, தேறல், மட்டு, பிழி என்று கள்ளுக்கு எத்தனை பெயர்! கள், களி, களிப்பு, களிமகன் எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. 'மாந்துதல்' என்ற வினையும் இருக்கிறது. 'நறவுமாந்தல்' எனலாம்.

செல்வராணி: ஐயா, என் வகுப்பில் 'மாந்தல்' என்று எழுதினால் மாந்தர் என்றுதான் வாசிப்பார்கள். மொடாக்குடியிலும் சிக்கல் உண்டு. மொடாக்குடியன் என்றால் தினமும் குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவர் என்றே நினைப்பார்கள். பிறந்தநாள் விருந்தில் மட்டும் குடிக்கிற பையன், 'அது நான் இல்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவான். அவனுக்காகத்தானே இந்தக் கையேடு?

மருத்துவர் கதிர்: செல்வராணி சொல்வது முக்கியம். நிதானமாக முடிவெடுக்க உதவும் முன்மூளைப் புறணி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. அதுவரை வேண்டாத நரம்பிணைப்புகள் கழிந்துகொண்டும், மற்றவற்றுக்கு 'மையலின்' என்ற கொழுப்புறை ஏறிக்கொண்டும் இருக்கும். நிறையக் குடிக்கும் பதின்வயதினரின் மூளையில் சாம்பல்நிறப் பகுதி வேகமாக மெலிவதையும் வெண்பகுதி மெதுவாக வளர்வதையும் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலிச் சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: இளம் எலிகள் வளர்ந்தவற்றைவிடக் குறைவாகத் தள்ளாடின, ஆனால் நினைவாற்றல் கூடுதலாகக் குலைந்தது. பிள்ளைகளும் அப்படித்தான் 'எனக்கு ஏறவே இல்லை' என்று அடுத்த கோப்பையை எடுக்கிறார்கள். எனவே சொல்லில் நேரமும் தெரிய வேண்டும். 'குறுநேர மிகைக்குடி'?

இளங்குமரன்: மிகை என்றால் அளவாகக் குடிப்பது சரி என்று ஆகிவிடாதா? தமிழ்நாட்டில் 21 வயதுக்குமுன் மது வாங்கவே கூடாது. கள்ளுண்ணாமை அதிகாரம் அளவு பேசவில்லையே!

செல்வராணி: அந்தக் கவலை எனக்கும் உண்டு ஐயா. அதைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது, அடுத்த வரியில் சொல்லலாம்.

மலர்விழி: சரி, இந்தப் பதிப்பில் 'குறுநேர மிகைக்குடி' என்று போடுகிறேன். 'இந்த வயதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை' என்ற வரியும் பக்கத்திலேயே வரும்.

இளங்குமரன்: அந்த வரிக்கு நன்றி. சொல்லுக்கு என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்பிலாவது மிடாக்குடியை எண்ணிப் பாருங்கள்.