அப்பாவுக்கு நுரையீரல் மாற்று: இப்போதே சென்னை போகணுமா, பொறுத்துப் பார்க்கலாமா?

பொள்ளாச்சிக்காரன்:
அப்பாவுக்கு 58 வயது. நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய். அது பரவுவதை மெதுவாக்கும் நின்டெடானிப் மாத்திரை சாப்பிட்டுதான் வருகிறார், ஆனாலும் இப்போது பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாலே ரத்தத்தில் ஆக்சிஜன் 84 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது, வீட்டில் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) ராத்திரி பகலாக ஓடுகிறது. டாக்டர் சென்னையில் மாற்று சிகிச்சைக் குழுவைப் பார்க்கச் சொல்கிறார். அப்பாவோ ‘சுத்தமா முடியாமப் போனா பார்த்துக்கலாம்’ என்கிறார், பெரியப்பாவும் அதற்கு ஒத்து ஊதுகிறார். என் நுரையீரலில் ஒன்றைக் கொடுக்க முடியுமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வேளச்சேரி அக்கா:
தம்பி, சுத்தமாக முடியாமல் போன பிறகு போனால் அவர்களே கையை விரித்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்க உடம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் மாற்றியது, அதனால் சொல்கிறேன். குழுவைப் பார்ப்பது வேறு, பட்டியலில் பெயர் ஏறுவது வேறு. முதலில் ஆறு நிமிட நடை: வராந்தாவில் விரலில் கிளிப்பை மாட்டி நடக்க விட்டு, எவ்வளவு தூரம், ஆக்சிஜன் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் இதயம், சிறுநீரகம், டிபி, புற்றுநோய், பல் சொத்தை வரைக்கும் ஒன்றையும் விட மாட்டார்கள். நீங்கள் கொடுப்பது நடக்காது. ஜப்பானில் உறவினர் இருவரிடம் ஆளுக்கு ஒரு பகுதி எடுத்து வைப்பதுண்டு, இங்கே மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்துதான், தமிழக அரசின் உறுப்பு மாற்று அமைப்பான டிரான்ஸ்டானின் பட்டியல் வழியாக. ரத்த வகை சேரணும், உயரமும் ஏறக்குறைய ஒத்து வரணும். தானமாக வரும் நுரையீரல்களில் ஐந்தில் ஒன்று தேறினாலே பெரிது. வெளியே எடுத்தால் ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும் என்பதால் காத்திருக்கும்போது சென்னையிலேயே வீடு எடுக்கச் சொல்வார்கள், அந்த வாடகையையும் கணக்கில் வையுங்கள்.

திருச்சி ராஜா:
அக்கா சொல்வது சரி, ஆனால் மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள் சகோ. உலகக் கணக்கில் ஆறேழு வருஷம் தாண்டுகிறவர்கள் பாதிப் பேர்தான். மூச்சோடு வெளிக்காற்று நேராக உள்ளே போகிற உறுப்பு, கிருமியும் கூடவே போகும். சிறுநீரகம், கல்லீரல் மாதிரி இல்லை. புது உறுப்பை உடம்பு ஒதுக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை ஆயுசுக்கும் நேரம் தவறாமல் போடணும், அதனால் சர்க்கரை ஏறலாம், சிறுநீரகமும் அடி வாங்கும். என் சித்தப்பா எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்றே சொல்லிவிட்டார், யாரும் வற்புறுத்தவில்லை. அப்பாவிடமே முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். பெரியப்பா முடிவு பண்ணுகிற விஷயம் இல்லை இது. செலவு லட்சக்கணக்கில் போகும், முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் நுரையீரலுக்குச் செல்லுமா, எவ்வளவு வரைக்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பிசியோ கவிதா:
எது முடிவானாலும் அப்பாவைப் படுக்க விடாதீர்கள். ஆக்சிஜனை மாட்டிக்கொண்டே தினமும் நடக்கட்டும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரட்டும். தொடையில் சதை கரைந்தவர்கள் ஆபரேஷன் முடிந்து வென்டிலேட்டரை விட்டு வெளியே வரவே திணறுகிறார்கள். முட்டை, பருப்பு கூடுதலாகக் கொடுங்கள். வீட்டில் புறா வளர்க்கிறீர்களா, பால்கனியில் எச்சம் கிடக்கிறதா? இதே மாதிரித் தழும்பு அதனாலும் வரும், டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:
புறா இல்லை, ஆனால் அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகத் தென்னைநார் மில்லில்தான் வேலை, அதையும் சொல்கிறேன். போய்ப் பார்க்க மட்டும் சம்மதித்துவிட்டார். சிடி ஸ்கேன் ரிப்போர்ட் போதுமா, ஸ்கேன் படங்களும் வேணுமா? ரயிலில் கூட்டிப் போகலாமா?

வேளச்சேரி அக்கா:
ரிப்போர்ட் மட்டும் பத்தாது, ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களை கம்ப்யூட்டர் டிஸ்க்கில் போட்டு வாங்குங்கள், பழைய ஸ்கேன் இருந்தால் அதையும். ரயிலில் வரலாம், ஆனால் பெட்டியில் இருக்கிற பிளக்கை நம்பி கான்சன்ட்ரேட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், அது செல்போன் சார்ஜுக்குத்தான். பேட்டரியில் ஓடுகிற சின்ன மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். அப்பாவுக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதற்கு அது தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டு எடுங்கள், கூட ஒரு பேட்டரியும் சேர்த்து.