மண்ணில் கிடப்பதும் மீனில் ஏறுவதும் ஒரே பாதரசமா?

பாம்பார்_பக்கம் (கொடைக்கானல்):
நேற்று டீக்கடையில் கிளம்பிய வாக்குவாதம் இது. எங்கள் ஊர் தெர்மாமீட்டர் ஆலையை 2001-ல் மூடினார்கள், ஆனால் மண்ணில் பாதரசம் எவ்வளவு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. என் கட்சி இதுதான்: ஒரு கிலோ மண்ணில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்று அளந்தால் போதும். அது தனியாக இருக்கிறதா, கார்பனோடு சேர்ந்து இருக்கிறதா என்று பிரித்துப் பேசுவது சுத்தம் செய்யும் வேலையைத் தள்ளிப்போடத்தான் உதவும். பாதரசத்தின் அணு எண் 80 என்றால் எங்கே இருந்தாலும் 80தான்.

கோத்தகிரி_டீச்சர்:
இதை ஒப்புக்கொள்ள முடியாது சார். எங்கள் லேபில் ஒரு தடவை தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. கடுகு கடுகாக உருண்டு பலகை இடுக்கில் புகுந்துவிட்டது, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு இரண்டு அட்டைத் துண்டால் மெதுவாகத் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன். அந்தத் திரவத்தைத் தெரியாமல் விழுங்கினால்கூடக் குடல் அதை அநேகமாக உறிஞ்சாது, அதன் ஆவியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. ஆனால் அதே அணுவில் ஒரு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், ஒட்டிவிட்டால் கதையே வேறு. மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசம் ஏறக்குறைய முழுவதும் உடம்பில் சேர்ந்து மூளைக்குப் போகும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஜப்பானில் அப்படிப்பட்ட மீனைத் தின்றவர்களின் நரம்புகளைத் தாக்கிய மினமாட்டா நோய் 1956-ல் வெளியே தெரிந்தது இதனால்தான். இரண்டு மெத்தில் ஒட்டிய டைமெத்தில் பாதரசம் இன்னும் கொடியது. 1996-ல் அமெரிக்க வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹானின் ரப்பர் கையுறையில் சில துளிகள் விழுந்தன, மறு வருஷமே அவர் இறந்துபோனார். மொத்த அளவு மட்டும் போதும் என்று இதற்கப்புறமும் எப்படிச் சொல்வது?

குன்னூர்_கொழுந்து:
டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் தோட்டத்துத் தேயிலையில் இருக்கிற பச்சையத்தில் மெக்னீசியம் இருக்கிறது, சுற்றிலும் கார்பன்தான். உலோகமும் கார்பனும் சேர்ந்தால் விஷம் என்றால் தேயிலை எப்படி? ஆக, எந்தத் தனிமம் என்பதுதானே முக்கியம், பாம்பார் அண்ணன் சொல்வது சரியாகத்தானே படுகிறது?

கோத்தகிரி_டீச்சர்:
நல்ல கேள்வி தம்பி, ஆனால் பச்சையத்தில் மெக்னீசியம் கார்பனைத் தொடவே இல்லை. நான்கு நைட்ரஜன்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கீரையில் புளி ஊற்றிக் கொதிக்கவிட்டால் பச்சை போய்ப் பழுப்பேறுகிறதே, அமிலம் அந்த மெக்னீசியத்தைக் கழற்றிவிட்டு ஹைட்ரஜனை உட்காரவைப்பதால் வருவது அது. உலோகமும் கார்பனும் நேராகக் கைகோத்தால்தான் கரிம உலோகச் சேர்மம். அதிலும் எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. நம் உடம்பில் வேலை செய்யும் வைட்டமின் பி12-ல் கோபால்ட்டும் கார்பனும் நேராகவே பிணைந்திருக்கின்றன.

தனிமம் முக்கியமில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். துத்தநாகம், பாதரசம் இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே 12-ம் தொகுதிதான். 1849-ல் ஆங்கில வேதியியலாளர் ஃபிராங்க்லாண்ட் செய்த டைஎத்தில் துத்தநாகம், அதாவது கார்பன் வழியாக இரண்டு எத்தில் தொகுதி ஒட்டிய துத்தநாகம், காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும், தண்ணீரோடும் மூர்க்கமாக வினைபுரியும். மெத்தில் பாதரசமோ தண்ணீருக்குள் ஒன்றும் ஆகாமல் கிடக்கும். எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், துத்தநாகத்துக்கு 1.65, பாதரசத்துக்கு 2.00, கார்பனுக்கு 2.55. கார்பனோடு உள்ள வித்தியாசம் குறையக் குறைய அந்தப் பிணைப்பைத் தண்ணீர் வந்து தாக்குவது கடினமாகிறது. பாதரசம் மீன்வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்வதற்கு அதுவே காரணம்.

பாம்பார்_பக்கம்:
துத்தநாகக் கணக்கு எனக்குப் புதுசு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டீச்சர், அந்த மெத்திலை ஒட்டவைப்பது யார்? ஏரி வண்டலில் காற்றில்லாத இடத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள். ஆலையிலிருந்து போனது சாதாரணப் பாதரசம்தான், மழைத் தண்ணீரோடு இறங்கி வண்டலில் படிந்தபிறகுதானே இது நடக்கிறது? தனிமத்தை அழிக்க முடியாது. இன்றைக்கு மண்ணில் சும்மா கிடப்பது நாளைக்கு மெத்தில் ஆகலாம், அதனால்தான் மொத்தத்தைப் பிடித்துத் தொங்குகிறேன். மீனில் இருக்கும் பாதரசமும் பெரும்பாலும் மெத்தில் வடிவம்தான், அங்கே மொத்தத்தை அளந்தாலே ஏறக்குறைய விஷத்தை அளந்த மாதிரி.

கோத்தகிரி_டீச்சர்:
மீன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாக்டீரியாக்கள் மெத்திலை எடுத்துக் கொடுப்பதே பி12 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கோபால்ட்-கார்பன் பிணைப்பிலிருந்துதான். ஆனால் வண்டலில் மொத்த அளவு மட்டும் போதாது. ஒரே அளவு பாதரசம் இருக்கிற இரண்டு இடத்தில் ஒன்று காற்றோட்டமான மேட்டு மண், இன்னொன்று இலை அழுகிக் கிடக்கும் சேறு என்றால், மெத்தில் ஆவது சேற்றில்தான் அதிகம். எதை முதலில் தோண்டி எடுப்பீர்கள் சார்?

பாம்பார்_பக்கம்:
சேற்றைத்தான். ஆனால் மேட்டு மண்ணையும் விடமாட்டேன், அடுத்த மழைக்கு அது சேற்றில்தான் போய் இறங்கும்.