டிஜிட்டல் ரேண்ட் வந்தால் கடைக்காரர் வாங்கியே ஆகணுமா? வாலட் நிறுவனம் மூழ்கினால்?

சாட்ஸ்வொர்த்_கணக்கர்
வணக்கம். டர்பன் பக்கச் சில்லறைக் கடைக்காரர்கள் கேட்பது இது. தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியே டிஜிட்டல் ரேண்ட் (நம் ரேண்டின் மின்னணு வடிவம்) வெளியிட்டால் அதை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா? வாலட், அதாவது அந்தப் பணத்தை வைக்கும் மின்னணுப் பணப்பை, அதை நடத்தும் நிறுவனம் திவாலானால் உள்ளே இருக்கும் பணம் யாருடையது? எந்தச் சட்டம் எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பணச்சட்டம்_பிரிட்டோரியா
பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரேண்டுக்கு இப்போதைக்கு வலுவான தேவை இல்லை என்று ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் சொல்லிவிட்டது. வங்கிகளுக்கு இடையிலான பயன்பாட்டில்தான் இப்போது கவனம். ஆகவே இது நாளைக்கே வரப்போவதில்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான்.

சிக்கலின் வேர் 1989-இன் ரிசர்வ் வங்கிச் சட்டம். வெளியிடும் உரிமையைத் தரும் 14-ஆம் பிரிவும், எது சட்டப்படி செல்லும் பணம் என்று சொல்லும் 17-ஆம் பிரிவும் நோட்டு, நாணயம் என்றே பேசுகின்றன. திருத்தம் இல்லாமல் வெளியிட்டால், அதை நீட்டி "கடன் தீர்ந்தது" என்று கோர்ட்டில் நிற்பது கஷ்டம். இந்தியா இதை முதலிலேயே அடைத்தது: 2022 நிதிச் சட்டத்தின் வழியாக "நோட்டு" என்ற சொல்லின் விளக்கத்திலேயே டிஜிட்டல் வடிவத்தைச் சேர்த்தார்கள். கிழிந்த நோட்டு, நோட்டின் வடிவம் போன்றவற்றைப் பற்றிய பிரிவுகள் அதற்குப் பொருந்தாது என்று 22ஏ என்ற புதுப் பிரிவும் போட்டார்கள். பொதுமக்களுக்கான வெள்ளோட்டம் அதற்குப் பிறகுதான், 2022 டிசம்பர் 1-இல். இந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து.

கடைக்காரர் விஷயம்: செல்லும் பணம் என்பது ஏற்கெனவே நிற்கும் கடனைத் தீர்க்கத்தான் முக்கியம். விற்பனைக்கு முன்பே "இன்னின்ன முறையில்தான் வாங்குவோம்" என்று சொல்லிவிட்டால் அது ஒப்பந்தத்தின் நிபந்தனை. அறிவிப்பை வாசலில் வையுங்கள். சாப்பிட்டு முடித்தவரிடம் கல்லாவில் சொன்னால் கடன் அதற்குள் உருவாகிவிட்டிருக்கும்.

வாலட்_விதி
இரண்டாம் கேள்விக்கு: வாலட் நிறுவனம் சாவியை (பணத்தைச் செலவழிக்கத் தேவைப்படும் ரகசியக் குறியீட்டை) மட்டும் காப்பாற்றுகிறதா, பணத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகையில் உங்கள் உரிமை நேரே ரிசர்வ் வங்கியின் மேல். இரண்டாம் வகையில், பிரித்துவைக்கும் கடமையைச் சட்டம் தெளிவாகச் சொல்லாவிட்டால், அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு நீங்களும் வரிசையில் நிற்பீர்கள். 2024 ஏப்ரலில் தொடங்கிய வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ரேண்ட் வரை, வங்கி வைப்புக்குத்தான். வாலட் இருப்பு "வைப்பு" இல்லை என்றால் அது உதவாது.

சாட்ஸ்வொர்த்_கணக்கர்
நன்றி. இணையம் இல்லாத நேரத்தில் கைமாறினால்? மின்வெட்டு நேரத்துக்கு அதுதானே வசதி?

பணச்சட்டம்_பிரிட்டோரியா
அங்கேதான் ஆபத்து அதிகம். ஒரே தொகையை இரண்டு கடையில் கொடுத்தால், இரண்டாவது கடைக்காரருக்கு இணையம் திரும்பிய பிறகே தெரியும். நட்டம் யாருக்கு? 1965-இன் கள்ளப்பணத் தடைச் சட்டம் நோட்டையும் நாணயத்தையும் மனத்தில் வைத்து எழுதியது. நகலெடுத்த டிஜிட்டல் தொகையை அதில் பொருத்துவது எளிதல்ல. இணையமில்லாப் பணத்துக்கு ஒரு தடவைக்கும் ஒரு நாளைக்கும் உச்சவரம்பு, அதற்குள் வரும் நட்டத்தை யார் ஏற்பது என்ற விதி, இரண்டும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். வாலட் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் விட்டால் கடைசியில் சின்னக் கடைக்காரர்தான் சுமப்பார்.

எல்லை_நாணயம்
ஒன்று விட்டுப்போயிற்று. நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினியிலும் ரேண்ட் செல்லும். இங்கே சட்டத்தைத் திருத்தினால் அங்கே டிஜிட்டல் ரேண்ட் தானாகச் செல்லாது. அந்தந்த நாட்டுச் சட்டமும் பொது நாணய ஒப்பந்தமும் மாற வேண்டும். எல்லை தாண்டிச் சரக்கு அனுப்புகிறவர்கள் விலைப்பட்டியலில் "வங்கிப் பரிமாற்றம்" என்று இப்போதே குறிப்பிட்டுவிடுவது நல்லது.