வெனிஸ் டோஜ் தெரிவு: ஏன் இத்தனை சுற்று?

கல்லடிப்பாலம்:
உயர்தர வரலாற்றுக்குக் குறிப்பு எழுதுறன். டோஜ் (பழைய வெனிஸ் குடியரசுத் தலைவர்) தெரிவில குலுக்கலும் வாக்கும் மாறி மாறி வந்தது விளங்கல்ல. நம்மட கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) மாதிரி குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) ஒராளா?

வாவிக்கரை:
குடிமுறை இல்ல, கிட்டத்தட்ட அதுக்கு எதிர். 1268 முறை இது: பெரிய சபையில குலுக்கி 30 பேர், அதைக் குலுக்கி 9. அவங்க 40 பேரைத் தெரிவாங்க, குலுக்கி 12. அவங்க 25, குலுக்கி 9. அவங்க 45, குலுக்கி 11. அந்த 11 பேர் தெரிவுசெய்த 41 பேர்தான் டோஜைத் தெரிவுசெய்தது. 25 வாக்காவது வேணும். குலுக்கல் உருண்டையை எடுத்தது ஒரு சின்னப் பொடியன். கடைசி 41 ஆரெண்டு முன்கூட்டியே தெரியாட்டி ஆருக்குக் காசு குடுக்கிற?

கல்லடிப்பாலம்:
கடைசியில 41 எதுக்கு, 40 பேர் போதாதா?

அக்கரையூரான்:
முதல்ல 40தான். 1229இல 20க்கு 20 எண்டு பிரிஞ்சு, சீட்டுப்போட்டுத்தான் ஜாக்கொப்போ தியெப்போலோ டோஜா வந்தார். மறுகாதான் 41.

குறிப்பில பதவிச் சத்தியத்தை விட்டிராதீங்க, அதுதான் உண்மையான கடிவாளம். ஒவ்வொரு டோஜ் செத்ததும் அதைத் திருத்தி இன்னும் இறுக்குவாங்க. வெளிநாட்டுக் கடிதத்தை ஆலோசகர் இல்லாம உடைக்கேலாது. செத்த பிறகும் மூண்டு பேர் கணக்குப் பார்ப்பாங்க; பிழையெண்டால் தண்டம் வாரிசுக்கு. மரீனோ ஃபலியேரோ எண்ட டோஜ் சதி செய்து 1355இல தலை போச்சு. சபை மண்டபத்தில அவர்ர படம் இருக்கவேண்டிய இடத்தில இண்டைக்கும் கறுப்புத் துணிதான் தீட்டியிருக்கு.